மொட்டை மாடியில் கட்டிப் புரளும் இரண்டு நாய்கள்: விளையாட்டா, சண்டையா?

நீங்கள் கேட்டது இது. வீட்டில் நாலு வயது நாட்டு நாய் ஒன்று, தெருவிலிருந்து எடுத்து வளர்த்தது, பெட்டை, கருத்தடை ஆனது. கூடவே எட்டு மாத லாப்ரடார் கடுவன். சாயங்காலம் மொட்டை மாடியில் அவிழ்த்துவிட்டால் இரண்டும் உறுமிக்கொண்டு கட்டிப் புரள்கின்றன. ஒன்று மற்றொன்றின் கழுத்தைக் கவ்வி இழுக்கிறது, பெரியவள் மல்லாக்க விழுகிறாள். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுக்காரர் ஓடி வருகிறார். போன வாரம் சின்னவனுக்குக் காதில் கீறல். அம்மா இரண்டையும் தனித்தனியாகக் கட்டிப்போடச் சொல்கிறார். இது விளையாட்டா, சண்டையா, எப்படித் தெரிந்துகொள்வது?

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் விளையாட்டுதான். கட்டிப்போட வேண்டாம். ஆனால் போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லியிருக்கிறீர்கள். சில நாள் பெரியவள் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், சின்னவன் அங்கேயும் போய் வம்பிழுக்கிறான். ஒருமுறை சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் பெரியவள் பல்லைக் காட்டினாள். கழுத்தைக் கவ்வுவதைவிட இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவற்றுக்குப் பிறகு வருகிறேன். ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுச் செல்லும் இடம் ஒன்றை நடத்துகிறேன். பழக்கமில்லாத நாய்களை ஒரே முற்றத்தில் சேர்த்துவிடுவது என் அன்றாட வேலை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சத்தத்தை ஒதுக்கி வையுங்கள். நம் எல்லோரையும் பயமுறுத்துவது அந்த உறுமல்தான், ஆனால் தனியாக அதை மட்டும் கேட்டு எதையும் முடிவு செய்ய முடியாது. ஹங்கேரியில் பூடாபெஸ்ட் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு எலும்பை வைத்துவிட்டு, ஒளித்து வைத்த ஒலிபெருக்கியில் மூன்று வகை உறுமலைப் போட்டுக் காட்டினார்கள்: தீனியைக் காக்கும்போது உறுமியது, மிரட்டும் அந்நியரைப் பார்த்து உறுமியது, விளையாட்டில் உறுமியது. எலும்பை நோக்கி வந்த நாய்கள் அதிகம் பின்வாங்கியது தீனி காக்கும் உறுமலைக் கேட்டுத்தான். அவற்றின் காதுக்கு அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது. நம் காதுக்கும் கொஞ்சம் பழக்கினால் பிடிபடும். விளையாட்டு உறுமல் சின்னச் சின்னத் துண்டாக, வேகமாக, ஏறி இறங்கி வரும். வாய் திறந்திருக்கும், நடுவில் தும்மலும் மூச்சிரைப்பும் கலந்திருக்கும். எச்சரிக்கை உறுமல் தாழ்ந்த குரலில் நீளமாக வரும், அதற்குள் உடம்பும் விறைத்துவிடும். என் அனுபவத்தில், கூச்சல் போட்டுப் புரளும் இரண்டு நாய்களைவிட, திடீரென்று சத்தமே இல்லாமல் போன இரண்டு நாய்களைப் பார்த்துத்தான் நான் எழுந்து ஓடியிருக்கிறேன்.

அடுத்தது, பல்லும் கழுத்தும். விளையாட்டு சண்டை மாதிரி இருப்பதற்குக் காரணம், அது சண்டையிலிருந்தும் வேட்டையிலிருந்தும் இணை சேர்வதிலிருந்தும் கடன் வாங்கிய அசைவுகளால் ஆனது. துரத்துவது, மேலே பாய்வது, கழுத்தைக் கவ்வுவது, முதுகில் ஏறுவது எல்லாமே அதில் வரும். அதனால் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். எப்படிச் செய்கிறது, செய்தபின் மற்ற நாய் என்ன பண்ணுகிறது என்று பார்க்க வேண்டும்.

முன்னங்கால் இரண்டையும் தரையில் நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்கும் அந்த வணக்கத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது 'வா விளையாடலாம்' என்ற அழைப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதன் வேலை அதோடு முடிவதில்லை. அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் மார்க் பெக்காஃப் நாய், ஓநாய், கொயோட்டே குட்டிகளின் விளையாட்டைப் பதிவு செய்து ஆராய்ந்து 1995-இல் எழுதினார். இந்த வணக்கம் கண்ட கண்ட இடத்தில் வருவதில்லை. தலையை உதறிக் கடிக்கும் கடி போன்ற, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு செயலுக்குச் சற்று முன்னாலோ உடனே பின்னாலோதான் அதிகம் வருகிறது என்று கண்டார். 'இப்போது செய்யப்போவதும் விளையாட்டுதான், இப்போது செய்ததும் விளையாட்டுதான்' என்று சொல்லிக்கொள்வது போல. உங்கள் சின்னவன் வெறி பிடித்தது மாதிரி கழுத்தை உதறிவிட்டு, அடுத்த நொடி முன்காலை நீட்டிக் குனிந்தான் என்றால், அவன் கணக்கை நேர் செய்கிறான்.

நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் இன்னொன்றைக் காட்டினார். மற்ற நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் நாய்கள் இந்த வணக்கத்தை வீணாக்குவதில்லை. முதலில் குரைத்தோ முட்டியோ லேசாகக் கவ்வியோ கவனத்தைத் திருப்புகின்றன, முகம் பார்த்தபின்தான் குனிகின்றன. பின்னாலிருந்து ஒரு தட்டு, அப்புறம் ஒரு குனிவு. மாடியில் இந்த வரிசையைப் பார்த்தால் மனதைத் தளர்த்திக்கொள்ளலாம்.

பெரியவள் மல்லாக்க விழுவதைப் பற்றித்தான் அம்மா அதிகம் கவலைப்படுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். 'அவள் தோற்றுப்போகிறாள், பயந்துபோயிருக்கிறாள்' என்று. மல்லாக்க விழுந்தால் சரணடைந்தது என்று நாமும் பல காலமாக நம்பி வந்தோம். 2015-இல் வந்த ஓர் ஆய்வு விளையாட்டில் நாய்கள் புரண்டு விழுவதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. பெரும்பாலும் அது வரும் கடியிலிருந்து பிடரியைக் காப்பாற்றவும், கீழே கிடந்தபடியே மேலே இருப்பவனைக் கடிக்கவும் போட்ட உத்தியாக இருந்தது. கீழே கிடக்கிற நாயைக் கவனியுங்கள். வாய் திறந்திருக்கிறதா? கால்கள் துழாவுகின்றனவா? எதிராளியின் கன்னத்தையும் காதையும் கவ்வப் பார்க்கிறதா? அப்படியானால் அது விளையாடிக்கொண்டிருக்கிறது. வாயை மூடி, வாலைக் காலிடுக்கில் செருகி, முகத்தை அப்பால் திருப்பி, கண் வெள்ளை தெரிய அசையாமல் கிடந்தால் அது வேறு கதை. அப்போது மேலே இருப்பவனை உடனே கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள், நாலு வயது நாய் எட்டு மாதக் குட்டிக்குக் கீழே விழுவது பலவீனத்தால் இல்லை. தெருவில் பிறந்து வளர்ந்தவள், நினைத்தால் அவனை ஒரு நொடியில் அடக்கிவிடுவாள். அவள் விட்டுக்கொடுக்கிறாள். பெரிய நாய் படுத்துக்கொண்டு சின்னதோடு விளையாடுவதும், வேகமாக ஓடக்கூடியது மெதுவாக ஓடித் தன்னைப் பிடிக்க விடுவதும், தாடையில் முழு பலமும் இருக்க அதில் கொஞ்சத்தை மட்டும் பயன்படுத்துவதும் ஒரே குணம்தான். விளையாட்டு நீடிப்பதே இதனால்தான். எப்போதும் ஒருவனே ஜெயித்தால் மற்றவன் அடுத்த நாள் வரமாட்டான்.

அதற்காகத் தடவை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். 'மேலே ஐந்து தடவை, கீழே ஐந்து தடவை, சமமாக இருந்தால்தான் நல்ல விளையாட்டு' என்று ஒரு கணக்கு பலகாலம் புழங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரிகா பாவரும் பார்பரா ஸ்மட்ஸும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் அந்தச் சமக்கணக்கு பொருந்தவில்லை. பல ஜோடிகளில் வயதில் மூத்த நாய் அதிகம் மேலே இருந்தது, ஆனாலும் இரண்டும் விரும்பியே விளையாடின. சில நாய்களுக்குத் துரத்தப்படுவதுதான் பிடிக்கும், துரத்துவது பிடிக்காது. மாறி மாறி வந்தால் மிக நல்லது, வராவிட்டாலும் இரண்டும் தானாக வந்து சேர்கின்றனவா என்பதே கேள்வி.

சரி, நாளைக்குச் சாயங்காலம் ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுக்கும் வசதி இருக்கும். இரண்டும் கழுத்தைக் கவ்வும்போது பக்கவாட்டில் இருந்து அரை நிமிடம் எடுங்கள், பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கண்ணுக்கு வேகத்தில் தப்பியதெல்லாம் அதில் தெரியும். சின்னவனின் வாய் அகலத் திறந்து கழுத்துக்கு வருகிறது. உதடு பல்லின் மேல் தளர்ந்து தொங்குகிறது, மூக்கின் மேல் சுருக்கம் விழவில்லை. பல் தோலைத் தொட்டு வழுக்கிப் போகிறது, தாடை மூடவே இல்லை. லாப்ரடாருக்கும் நாட்டு நாய்க்கும் கழுத்துத் தோல் நன்றாகத் தளர்வாக இருக்கும், அதைத்தான் அவன் கொத்தாகப் பிடித்து இழுக்கிறான். பெரியவள் தலையைத் திருப்பி அவன் வாய்க்குள் தன் வாயைக் கொடுக்கிறாள், இரண்டு வாயும் திறந்தபடி மோதிக்கொள்கின்றன, எதுவும் பிடிக்கவில்லை. அப்புறம் இரண்டும் ஒரே நேரத்தில் விலகுகின்றன. ஒன்று உடம்பை உதறுகிறது, மற்றொன்று தரையை மோந்து பார்க்கிறது. ஒன்றிரண்டு மூச்சுக்குப் பிறகு மறுபடி தொடங்குகின்றன. நடுவில் வரும் அந்தச் சின்ன இடைவெளியைத் தேடுங்கள். நல்ல விளையாட்டு விட்டு விட்டு நடக்கும். இடைவெளி குறையக் குறைய, வேகம் ஏற ஏற, நீங்கள் கூப்பிட வேண்டிய நேரம் நெருங்குகிறது.

விளையாட்டு முடிந்தபின் கழுத்தைத் தடவிப் பாருங்கள். எச்சிலில் முடி தொப்பலாக நனைந்திருக்கும், தோலில் ஓட்டை இருக்காது.

சண்டைக்கு முந்தைய நொடி இதற்கு நேர் எதிர். விளையாடும் நாயின் உடம்பு நெளியும், குதிக்கும், தேவையில்லாத அசைவெல்லாம் செய்யும். சண்டைக்குத் தயாராகும் நாய் அசைவைக் குறைத்துக்கொள்ளும். எடை முன்னங்காலுக்குப் போகும், கழுத்து நீளும், திறந்திருந்த வாய் மூடிக்கொள்ளும். வாய் மூடுவதை நான் மிக முக்கியமாக எடுத்துக்கொள்வேன். இரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று வாயை மூடி மூச்சைப் பிடித்து நின்றால், அது எதையோ முடிவு செய்துகொண்டிருக்கிறது. கண் இமைக்காமல் நேராகப் பார்க்கும். அல்லது மோவாயை மற்ற நாயின் தோளுக்கு மேல் வைத்துக்கொண்டு குறுக்காக விறைத்து நிற்கும். அந்த உறைதல் ஒரு நொடி இரண்டு நொடிதான் இருக்கும். அதற்குள் அமைதியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். கத்தினால் அந்த விறைப்பை நீங்களே வெடிக்க வைப்பீர்கள்.

வாலை நம்பி ஏமாறாதீர்கள். வாலாட்டினால் நட்பு என்பது பாதி உண்மை. உடம்போடு சேர்ந்து இடுப்பு வரை ஆடும் வால் ஒன்று. செங்குத்தாக நிமிர்ந்து நுனி மட்டும் விர்ரென்று அதிரும் வால் இன்னொன்று. இத்தாலியில் 2007-இல் செய்த சோதனையில் உரிமையாளரைப் பார்த்தபோது நாய்களின் வால் வலப்பக்கம் சற்றுக் கூடுதலாகவும், பழக்கமில்லாத முரட்டு நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் கூடுதலாகவும் ஆடியது. இதை வெறும் கண்ணால் மாடியில் அளந்துகொண்டிருக்க முடியாது. ஆனால் இரண்டு நேரத்திலும் வால் ஆடியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகு முடி சிலிர்ப்பதும் அப்படித்தான். பயம், உற்சாகம், கோபம் எதிலும் சிலிர்க்கும். அது 'சூடேறியிருக்கிறது' என்று மட்டும் சொல்கிறது.

இத்தனையும் பார்த்தும் சந்தேகம் தீரவில்லை என்றால், நாயிடமே கேட்டுவிடலாம். நான் தினமும் செய்வது இதுதான். மேலே இருப்பவனை, துரத்துபவனை, அதிகம் முரடாக நடப்பவனைக் கழுத்துப் பட்டையில் மெதுவாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அதட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம், பிடித்து நிறுத்தினால் போதும். இப்போது மற்றது என்ன செய்கிறது? உதறிவிட்டு நேராகத் திரும்பி வந்து, பிடித்து வைத்திருப்பவன் முகத்தில் முட்டி, 'ஏன் நிறுத்தினாய்' என்பது போல முன்காலைத் தட்டினால், விட்டுவிடுங்கள், விளையாடட்டும். போய் ஓரமாகப் படுத்துக்கொண்டால், உங்கள் காலுக்குப் பின்னால் ஒளிந்தால், படிக்கட்டுக் கதவைப் பார்த்தால், அது இவ்வளவு நேரமும் தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதோடு முடித்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: இரண்டும் விறைத்து நிற்கும்போது இதைச் செய்யாதீர்கள். பட்டையில் கை வைப்பதே அப்போது தீப்பொறியாகிவிடும்.

இப்போது தண்ணீர்த் தொட்டி. பெரியவள் அதற்கு அடியில் போய்ப் படுப்பது 'போதும்' என்பதற்கு அவளிடம் இருக்கும் மிகத் தெளிவான சொல். அதைச் சின்னவன் மதிக்கவில்லை. எட்டு மாதம் என்பது லாப்ரடாருக்கு விடலைப் பருவம். உடம்பு முக்கால்வாசி வளர்ந்துவிட்டது, நிதானம் வளரவில்லை. அவன் கெட்டவன் இல்லை, ஆனால் இந்த இடத்தில் நடப்பது விளையாட்டும் இல்லை, தொந்தரவு. பெரியவள் இதுவரை என்ன செய்தாள் என்று யோசித்துப் பாருங்கள். முகத்தைத் திருப்பியிருப்பாள், உதட்டை நக்கியிருப்பாள், பிறகு ஒரு உறுமல், பிறகு காற்றில் ஒரு கடி, பல் படாமல். இது வளர்ந்த நாய் குட்டிக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை. அந்தக் கடிக்குச் சின்னவன் பின்வாங்கிக் காதை மடக்கினால் பாடம் ஏறிவிட்டது, நீங்கள் குறுக்கே போக வேண்டாம். அவன் அதையும் மதியாமல் மறுபடி போனால் மூன்றாவது தடவைக்குக் காத்திருக்காதீர்கள். அவனைக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் கொடுத்து, ஐந்து நிமிடம் கட்டி வையுங்கள். தண்டனையாக இல்லை, மூச்சு வாங்க. தொட்டி அடியில் அவள் இருக்கும்போது அவன் அங்கே போகக் கூடாது என்பதை நீங்கள் காப்பாற்றிக் கொடுத்தால், அவள் பல்லைப் பயன்படுத்த வேண்டிய அவசியமே வராது. பொறுமையான பெரிய நாய் ஒருநாள் 'திடீரென்று' கடித்துவிட்டது என்று என்னிடம் வருகிறவர்கள் நிறைய. கேட்டுப் பார்த்தால் அது பல வாரமாக ஒவ்வொரு மொழியிலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உறுமியதற்காக அவளை அடிக்காதீர்கள், அதட்டாதீர்கள். உறுமல் என்பது கடிக்காமல் இருப்பதற்கு அவள் எடுக்கும் முயற்சி. அதைத் தடுத்துவிட்டால் கோபம் போய்விடாது, முன்னறிவிப்பு மட்டும் போய்விடும். அடுத்த முறை உறுமாமல் நேரே கடிப்பாள். அப்படி ஆகிப்போன நாய்களைத் திருத்துவது எனக்குத் தெரிந்து மிகக் கடினமான வேலை.

சாப்பாட்டுத் தட்டு விஷயத்தை விளையாட்டோடு சேர்க்கவே வேண்டாம். அது காவல். தெருவில் வளர்ந்த நாய்க்குத் தட்டு என்றால் அதன் பொருள் வேறு, கிடைத்ததை விட்டால் அடுத்த வேளை உறுதி இல்லை என்று உடம்பில் ஊறிப்போயிருக்கும். இரண்டுக்கும் தனித்தனி அறையில், கதவைச் சாத்திச் சாப்பாடு போடுங்கள். தட்டை எடுத்துக் கழுவிய பிறகு ஒன்றாக விடுங்கள். எலும்பு, மெல்லக் கொடுக்கும் மாட்டுத்தோல், ஒரே ஒரு பந்து, இவையெல்லாம் மாடிக்கு வரக் கூடாது. உங்கள் மடியும் கட்டிலும்கூடச் சில நாய்களுக்குத் தட்டு மாதிரிதான். நல்ல விளையாட்டு நடந்துகொண்டிருக்கும்போது ஒரு துண்டுக் கோழி எலும்பை நடுவில் போட்டதால் வந்த சண்டைகள், நான் பார்த்ததில் மற்ற எல்லாக் காரணத்தையும்விட அதிகம்.

விளையாட்டைச் சண்டையாக்கும் வேறு சிலவும் உண்டு. மூன்றாவது நாய் சேர்ந்தால் கணக்கு மாறிவிடும். இரண்டு சேர்ந்து ஒன்றைத் துரத்தும்போது துரத்தப்படுவது 'கீச்' என்று அலறினால் போதும், மற்ற இரண்டுக்கும் அது விளையாட்டுத் தோழனாக இல்லாமல் இரையாகத் தெரியத் தொடங்கும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டைக்கு வளர்த்த நாய்களோடு ஒரு பொமரேனியனை ஓடவிடும்போது நான் மிகவும் கவனமாக இருப்பேன். குணத்தில் குறை என்று இல்லை, ஓடுகிற சின்ன உருவத்தைப் பிடிப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்தது அது. குறுகலான படிக்கட்டு, கதவு இடுக்கு போன்ற இடங்களில் ஒதுங்க வழியில்லாமல் மோதல் வரும். சூடும் ஒரு காரணம். நம் ஊரில் கோடையில் ஐந்து மணிக்குக்கூட மாடித் தரை சுடும், லாப்ரடாருக்கு வெயில் தாங்காது, களைத்த நாய்க்குப் பொறுமை இருக்காது. பொழுது சாய்ந்தபின் விடுங்கள். ஐந்து பத்து நிமிடம் ஆட விட்டு, கூப்பிட்டு, தண்ணீர் காட்டி, மறுபடி விடுங்கள். தண்ணீர்ச் சட்டி இரண்டு, இரண்டு மூலையில்.

அப்புறம் வலி. இவ்வளவு நாள் நன்றாக விளையாடிய நாய் திடீரென்று சிடுசிடுத்தால், குணம் மாறிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுச் சீழ், பல் வலி, இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் எதுவானாலும் பல நேரம் முதலில் தெரிவது விளையாட்டில்தான்.

காதுக் கீறலைப் பற்றி. காதுத் தோல் மெல்லியது, ரத்தக் குழாய்கள் அதிகம், ஊசி பட்டால்கூடச் சுவரெல்லாம் தெறிக்கும். குட்டிப் பருவத்து விளையாட்டில் மேலோட்டமான ஒரு கீறல் வருவது சகஜம். கவலைப்பட வேண்டிய காயம் வேறு மாதிரி இருக்கும்: வட்டமான ஆழமான ஓட்டை, பெரும்பாலும் ஜோடியாக, கழுத்திலோ காலிலோ அடிவயிற்றிலோ. வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே தசை கிழிந்திருக்கும், இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டும். அப்படி ஒன்று இருந்தால் மஞ்சள் வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். ஒரே ஜோடிக்குள் அப்படிப்பட்ட காயம் இரண்டாம் முறை வந்தால், கண்காணிப்பு இல்லாமல் அவற்றைச் சேர்த்து விடாதீர்கள், நாய்களின் நடத்தை தெரிந்த மருத்துவரையோ பயிற்சியாளரையோ வீட்டுக்கு வரச்சொல்லுங்கள்.

சின்னவனைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போகும்போது தெரு நாய்களோடு வரும் உரசலை இதே கண்ணால் படிக்கலாம், ஆனால் இரண்டு வேறுபாடு. அது அவற்றின் எல்லை, நீங்கள் விருந்தாளி. அதோடு, சங்கிலி இறுகியிருந்தால் உங்கள் நாயால் குனியவோ வளைந்து ஒதுங்கவோ முடியாது, நெஞ்சை நிமிர்த்தி நேராக வருவது போலத் தெரியும். நட்பாக வந்த நாய்க்கே அது சவாலாகப் படும். சங்கிலியைத் தளர்த்தி, வளைந்து, நிற்காமல் நடந்துவிடுங்கள். மழைக்காலத்தை ஒட்டி இணை சேரும் பருவத்தில் கடுவன்கள் கூட்டமாகத் திரியும்போது அந்தத் தெருவையே தவிர்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் மீறி ஒருநாள் உண்மையான சண்டை வந்துவிட்டால், கையை நடுவில் விடாதீர்கள். உங்கள் நாய்தான் என்றாலும் அந்த நேரத்தில் அது யார் கை என்று பார்க்காது. மாடியில் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு தடித்த போர்வையும் எப்போதும் இருக்கட்டும். முகத்தில் தண்ணீரை வீசுங்கள். தட்டை வேகமாகத் தரையில் அடியுங்கள். பலகை, பிளாஸ்டிக் நாற்காலி, எது கிடைத்தாலும் இரண்டுக்கும் நடுவில் செருகுங்கள். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு ஒரு நாயின் பின்னங்கால் இரண்டையும் தொடைக்கு மேலே பிடித்துத் தூக்கி, பின்னோக்கி வளைந்து இழுக்கலாம். கவ்விய பிடி விடாமல் இருக்கும்போது வெடுக்கென்று இழுத்தால் சதை கிழியும், பிடி தளரும் நொடிக்குக் காத்திருந்து இழுங்கள். பிரித்தபின் தனித்தனி அறை, அன்றைக்கு மறுபடி சேர்க்க வேண்டாம். 'சமாதானம் பண்ணிவைக்கிறேன்' என்று முகத்தோடு முகம் வைக்கவே கூடாது. சூடு இறங்க ஒரு நாளாவது ஆகும். அடுத்த நாள் வெளியே, சங்கிலியில், கொஞ்சம் தள்ளித் தள்ளி நடக்க வைத்துத் தொடங்குங்கள்.

பிரிக்கும்போது யாருக்காவது பல் பட்டுவிட்டால், நம் நாய், தடுப்பூசி போட்டது என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள், ரேபிஸ் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாள் ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாள். ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும், உடனே காப்பு தரும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலின் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். அது நன்றாகச் சாப்பிட்டு நன்றாக இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் ஊசியை நிறுத்தக் கூடாது.